சிதறிப் போன பெயர்

'அவன் சரியான எம்டன்!'

வீட்டில் கறாரான அப்பாவையோ, ஆபீஸில் யாருக்கும் மசியாத மேனேஜரையோ இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படமே எடுத்தார்கள். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு அறிவித்ததால், படம் 'எம் மகன்' ஆகி ரிலீஸானது!

எம்டன் ஒரு ஆள் இல்லை, கப்பல். ஜெர்மானியப் போர்க்கப்பல். முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1914, செப்டம்பர் 22-ம் தேதி. இரவு ஒன்பதரை மணி வாக்கில் அது சத்தமில்லாமல் மெட்ராஸுக்கு முன்னால் வந்து நின்றது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் கொழுந்துவிட்டு எரிந்தன. உயிர்ச்சேதம் அதிகமில்லை. ஆனால், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டே கிளம்பினார்கள். அந்தக் கிலியில்தான் 'எம்டன்' நம் பேச்சுத் தமிழுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஹைகோர்ட் சுவரில் அந்த ராத்திரியின் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில் எம்டன் குண்டு வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டு இருக்கிறது.

அந்தத் துண்டுக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

'ஷ்ராப்னல்' என்பீர்கள். சரிதான். டி.வி-யில் போர்ச் செய்தி வாசிப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். குண்டு வெடித்தால் நாலா பக்கமும் பறக்கிற சின்னச் சின்னத் துண்டுகள் என்று டிக்‌ஷ்னரியும் அர்த்தம் போட்டிருக்கிறது. நம் பத்திரிகைகளில் அதுவே 'குண்டுச் சிதறல்' ஆகிறது.

ஆனால், 1914-ல் ஒரு பீரங்கிப்படை வீரரை அழைத்து அந்தத் துண்டைக் காட்டியிருந்தால் தலையை ஆட்டி மறுத்திருப்பார். ''இது ஷ்ராப்னல் இல்லை சார், ஸ்ப்ளின்டர்! ஷ்ராப்னல் என்பது முற்றிலும் வேறு சமாசாரம்'' என்றிருப்பார்.

எம்டன் கப்பல் பெயராக இருந்து சொல் ஆனது போல, ஷ்ராப்னலும் ஒரு பெயர்தான். கப்பல் இல்லை, மனுஷன். ஹென்றி ஷ்ராப்னல்!

* * *

1761-ல் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவான் என்கிற சிற்றூருக்கு அருகே பிறந்தார். பெரிய குடும்பம். வீட்டில் இவர் ஒன்பதாவது பிள்ளை. பதினெட்டு வயதில் பீரங்கிப்படையில் அதிகாரியாகச் சேர்ந்துவிட்டார். சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே ஒரு பிரச்னை அவர் மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

அந்தக் காலத்துப் பீரங்கிக்காரரின் சங்கடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதிரே ஆயிரம் பேர் வரிசை வரிசையாக நடந்து வருகிறார்கள். உங்களிடம் இருப்பது கெட்டியான இரும்புக் குண்டு. சுட்டால் ஒரு வரிசையில் இரண்டு மூன்று பேர் விழுவார்கள். அவ்வளவுதான். கூட்டத்தை மொத்தமாகச் சாய்க்க இன்னொன்று இருந்தது. ஒரு தகர டப்பாவில் துப்பாக்கி ரவைகளை அடைத்து பீரங்கியில் போட்டுச் சுடுவார்கள். வாயைவிட்டு வெளியே வந்ததுமே டப்பா கிழிந்து, ரவைகள் விசிறி மாதிரி விரியும். பயங்கரமான ஆயுதம்தான். ஆனால், முந்நூறு நானூறு கஜத்துக்கு மேல் வேலைக்காகாது. எதிரி அத்தனை கிட்டே வந்துவிட்டால் நம் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை!

அந்த டப்பாவைத் தூரத்தில் கொண்டுபோய்த் திறந்தால் என்ன?

ஷ்ராப்னலுக்கு வந்த யோசனை இதுதான். 1784-ல் வேலையைத் தொடங்கினார். உள்ளே வெற்றிடமுள்ள இரும்பு உருண்டை. அதற்குள் துப்பாக்கி ரவைகள், கொஞ்சூண்டு வெடிமருந்து, மேலே ஒரு திரி. எத்தனை விநாடியில் வெடிக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துத் திரியை நறுக்கிவிடவேண்டும். உருண்டை ஆயிரம் கஜத்தையும் தாண்டிப் பறந்துபோய், எதிரிக்குக் கொஞ்சம் முன்னால், தலைக்கு மேலே, ஆகாயத்தில் வெடிக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். வெடிமருந்து 'கொஞ்சூண்டு' என்றேன் அல்லவா? அதில்தான் சூட்சுமமே. அந்த மருந்தின் வேலை கொல்வது இல்லை, மூடியைத் திறப்பது. உருண்டை எந்த வேகத்தில் பறந்து வந்ததோ அதே வேகத்தில் ரவைகள் முன்னோக்கிப் பாய்ந்து, மழை மாதிரி இறங்கும். கொல்வது அந்த ரவைகள்தான். உடைந்த ஓட்டுக்கு முக்கியத்துவம் கிடையாது. முறுக்கைத் தின்றபிறகு பொட்டலக் காகிதத்துக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான்.

1787-ல் ஜிப்ரால்டரில் மேலதிகாரிகள் முன்னால் சுட்டுக் காட்டினார். எல்லோரும் 'பலே' என்றார்கள். ஆனால், சர்க்கார் பைல் நகரவேண்டாமா? சொந்தப் பணத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டுகளைச் செலவழித்து மனுஷன் பரிசோதனைகளைத் தொடர்ந்தார். நடுவில் 1793-ல் டன்கிர்க் முற்றுகையில் காயம்பட்டார். கடைசியில் 1803-ல்தான் பிரிட்டிஷ் ராணுவம் அந்தக் குண்டை ஏற்றுக்கொண்டது. யோசனை உதித்துப் பத்தொன்பது வருஷம் கழித்து!

அடுத்த வருஷமே, தென் அமெரிக்காவின் சுரிநாமில் டச்சுக்காரர்களின் கோட்டைமீது அது முதல் தடவையாகச் சுடப்பட்டது. கோட்டை சரணடைந்தது. 1808-ல் போர்ச்சுகலில் விமெய்ரோ யுத்தம். அங்கே இந்தக் குண்டைப் பயன்படுத்திய தளபதி யார் தெரியுமா? 1799-ல் திப்பு சுல்தானை வீழ்த்த ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்த படையில் இருந்தாரே, அதே ஆர்தர் வெல்லஸ்லி. பிற்பாடு வெல்லிங்டன் பிரபு. 1815-ல் நெப்போலியனின் கதை முடிந்த வாட்டர்லூவிலும் ஷ்ராப்னலின் குண்டு இருந்தது. ஹூகுமோன் பண்ணையை ஒட்டிய தோப்பில் பிரெஞ்சுப்படை நுழைந்தபோது, தங்கள் ஆட்களின் தலைக்கு மேலாகவே குண்டுகளை அனுப்பித் தோப்புக்குள் வெடிக்க வைத்தார்கள்.

அரசாங்கம் 1814-ல் ஹென்றிக்கு வருஷத்துக்கு 1,200 பவுண்டு பென்ஷன் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு நல்ல தொகை. ஆனால், அவர் எதிர்பார்த்தது பட்டம். நான்காம் வில்லியம் மன்னருக்கும் அவருக்கு 'பாரனெட்' பட்டம் தரவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. 1837-ல் மன்னர் காலமாகிவிட்டார். பட்டம் வரவேயில்லை. 1842-ல் ஹென்றியும் கண்ணை மூடினார்.

அதுவரைக்கும் ராணுவக் காகிதங்களில் அந்தக் குண்டுக்கு 'ஸ்பெரிக்கல் கேஸ் ஷாட்' என்று ஒரு சப்பென்ற பெயர். குடும்பத்தார் மன்றாடினார்கள். 1852-ல் ராணுவம் அதிகாரபூர்வமாக அதற்கு 'ஷ்ராப்னல் ஷெல்' என்று பெயர் சூட்டியது. செத்துப் பத்து வருஷம் கழித்து அவருக்குக் கிடைத்த பட்டம் அது!

* * *

இப்போது 1914-க்கு வருவோம்.

ஹென்றியின் உருண்டை அதற்குள் நீண்ட எஃகுக் குழலாக மாறியிருந்தது. பிரிட்டிஷாரின் பிரதான பீரங்கியான 18-பவுண்டரின் ஒரு குண்டுக்குள் ஈயமும் ஆன்டிமணியும் கலந்த 375 ரவைகள் இருந்தன. போர் தொடங்கியபோது அந்த பீரங்கிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது ஷ்ராப்னல் மட்டும்தான்.

வெட்டவெளியில் நடந்து வருகிற படைக்கு அது எமன். ஆனால், ஒரு சில மாதங்களிலேயே இரண்டு தரப்பும் பதுங்குகுழி தோண்டி உள்ளே இறங்கிவிட்டதே! குழிக்குள் இருப்பவனை மேலிருந்து வருகிற ரவை என்ன செய்யும்? தலையில் விழும். அதற்குத்தான் பதில் கண்டுபிடித்தார்கள். 1914-ல் பிரிட்டிஷ் சிப்பாய் துணித் தொப்பியோடுதான் போருக்குப் போனான். ஜெர்மானியன் தலையில் இருந்தது தோல் தொப்பி. 1915-ல் பிரெஞ்சுக்காரர்களும் பிரிட்டிஷாரும் இரும்புத் தொப்பிக்கு மாறினார்கள். அடுத்த வருஷம் ஜெர்மனியும். பழைய போட்டோக்களில் பிரிட்டிஷ் சிப்பாய் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்த மாதிரி அகலமாக ஒன்று அணிந்திருப்பான், பார்த்திருப்பீர்கள். மழைக்குக் குடை பிடிக்கிற லாஜிக்தான். மழை மட்டும் ஈய மழை.

அடுத்தது, முள்கம்பி வேலி. ஷ்ராப்னல் ரவைகளாலேயே அதை அறுத்துவிடலாம் என்று நம்பினார்கள். துல்லியமான உயரத்தில் வெடித்தால் அறுக்கும். கொஞ்சம் பிசகினால் ரவைகள் வேலிக்குள் புகுந்து மண்ணில் புதையும். 1916-ல் பிரான்ஸின் சோம் நதிக்கரையில் ஒரு வாரம் விடாமல் சுமார் 15 லட்சம் குண்டுகளைச் சுட்டார்கள். பெரும்பகுதி ஷ்ராப்னல். 'வேலி இருக்காது, நடந்தே போகலாம்' என்று சொல்லி ஜூலை 1-ம் தேதி காலையில் சிப்பாய்களை அனுப்பினார்கள். பல இடங்களில் வேலி அப்படியே இருந்தது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் வீழ்ந்தார்கள். அதில் இறந்தவர்கள் 19,240.

அதோடு ஷ்ராப்னலின் மவுசு குறையத் தொடங்கியது. ரவைகளை அடைப்பானேன்? குண்டு முழுக்கச் சக்திவாய்ந்த வெடிமருந்தைத் திணித்தால், குண்டின் எஃகு ஓடே நூற்றுக்கணக்கான துண்டாகிப் பறக்கும். ஒவ்வொன்றும் கத்தி மாதிரி கூராக இருக்கும். பதுங்குகுழியையும் தகர்க்கும். இரண்டாம் உலகப்போர் வந்தபோது ஹென்றியின் நிஜமான குண்டு கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது.

ஆயுதம் போனது. பெயர் மட்டும் போகவில்லை!

குண்டுபட்டவனுக்கு, தன் தோளில் தைத்திருப்பது ரவையா, ஓடா என்ற ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? வானத்திலிருந்து வந்து உடம்பில் புகுந்த எல்லாவற்றையும் அவன் 'ஷ்ராப்னல்' என்றே சொன்னான். 1940-ல் லண்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டன. விடிந்ததும் தெருவில் கிடக்கும் இரும்புத் துண்டுகளைப் பொறுக்கச் சின்னப் பையன்கள் ஓடினார்கள். பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுகாய் பொறுக்க நாம் ஓடினோமே, அப்படி. பெரிய துண்டு வைத்திருப்பவன் ஸ்கூலில் ராஜா. ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயரும் ஷ்ராப்னல்தான். போர் முடிந்தும் அந்த அர்த்தம் நிலைத்துவிட்டது. இன்று ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பாக்கெட்டில் கலகலக்கிற சில்லறைக் காசைக்கூட விளையாட்டாக 'ஷ்ராப்னல்' என்பார்கள்.

ஹென்றியின் கணக்கில் ரவைதான் சரக்கு, ஓடு வெறும் பொட்டலக் காகிதம் என்று பார்த்தோம் இல்லையா? கடைசியில் பொட்டலக் காகிதத்துக்குத்தான் அவர் பெயர் வாய்த்தது!

* * *

'இருக்கட்டுமே, சொற்களின் அர்த்தம் மாறுவது சகஜம்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். சகஜம்தான். ஆனால், இந்த மாற்றத்தில் ஒரு விஷயம் கைநழுவிப் போய்விட்டது.

ஹென்றியின் குண்டில் இருந்த ஒவ்வொரு ரவையும் யாரோ ஒருவர் வேண்டுமென்றே அடைத்தது. அதில் தற்செயல் எதுவும் கிடையாது. இன்றைய அர்த்தத்தில் ஷ்ராப்னல் என்றால்? ஏதோ வெடித்தது, ஏதோ உடைந்தது, ஏதோ பறந்து வந்து பட்டது. யாரும் செய்யாதது போல, தானாக நடந்தது போல ஒரு தொனி வந்துவிடுகிறது.

நிஜத்தில் தானாக நடப்பது எதுவும் இல்லை. எந்த எஃகு எத்தனை துண்டாக உடையும், ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் பாயும் என்று கணக்குப் போட்டுத்தான் இன்றைய குண்டுகளைச் செய்கிறார்கள். ஹென்றியின் பழைய பாணியும் ஒரேயடியாகச் சாகவில்லை. அமெரிக்காவின் 'கிளேமோர்' கண்ணிவெடிக்குள் சுமார் 700 எஃகு உருண்டைகள் இருக்கின்றன. 1991, மே 21-ம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த பெல்ட் பாமுக்குள்ளும் சின்னஞ்சிறு எஃகு உருண்டைகளைத்தான் அடைத்திருந்தார்கள். ராஜீவ் காந்தியோடு இன்னும் பலர் அங்கே இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் சிலர் பல வருஷங்கள் கழித்தும் அந்த உருண்டைகளை உடம்பில் சுமந்தபடிதான் நடமாடினார்கள்.

'ஆபரேஷன் செய்து எடுத்துவிட முடியாதா?' என்று தோன்றும். பல சமயம் முடியாது. முதுகுத்தண்டுக்குப் பக்கத்திலோ, பெரிய ரத்தக்குழாயை ஒட்டியோ ஒரு துண்டு இருந்தால், அதைத் தேடிக் கத்தி வைப்பதைவிட விட்டுவிடுவதே மேல் என்று டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வை வளர்த்து வைத்துக்கொண்டு வாழப் பழகிவிடும். அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றால்கூட யோசிக்கவேண்டும். இரும்பாக இருந்தால், அந்த மெஷினின் காந்தம் அதை உள்ளேயே அசைத்துவிடலாம்.

துண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே டாக்டர்களுக்கு எக்ஸ்-ரே வேண்டும். முதல் உலகப்போரில் மேரி கியூரி எக்ஸ்-ரே கருவிகளை வண்டிகளில் ஏற்றிப் போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனது இதற்காகத்தான். ரவையும் துண்டும் பதிந்த இடம் படத்தில் தெரிந்தால் கத்திக்கு வழி தெரியும்.

இந்த எக்ஸ்-ரேயை வைத்து உலக நாடுகள் ஒரு சட்டமே போட்டிருக்கின்றன. 1980-ல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையின் முதல் பிற்சேர்க்கை. மொத்தமே ஒரே ஒரு வாக்கியம்தான். அதன் சாரம் இது: எக்ஸ்-ரேயில் தெரியாத துண்டுகளால் உடம்பைக் காயப்படுத்துவதையே பிரதான வேலையாகக் கொண்ட ஆயுதத்தைப் பயன்படுத்தக்கூடாது. அதாவது, பிளாஸ்டிக் மாதிரியான துண்டுகளை அடைத்து அனுப்பக்கூடாது. இந்தியா உள்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

நல்ல சட்டம், சந்தேகமில்லை. டாக்டர் தேடியும் கிடைக்காத துண்டோடு ஒரு மனிதன் துடிக்கக்கூடாது என்கிற கருணை அதில் இருக்கிறது. ஆனால், அதையே கொஞ்சம் திருப்பிப் படித்துப் பாருங்கள். எக்ஸ்-ரேயில் தெரிகிற துண்டு என்றால்? அந்தச் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை!

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தது. வன்னியிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களில் எத்தனையோ பேர் உடம்புக்குள் இரும்போடு வாழ்ந்தார்கள். ஈழத்தமிழர்கள் பேச்சில் 'ஷ்ராப்னல்' என்ற சொல் புழங்கவில்லை. 'செல்லடி' என்றார்கள். 'செல் துண்டு' என்றார்கள். துப்பாக்கி ரவையைச் 'சன்னம்' என்றார்கள். செல்லடி. எவ்வளவு நேரான சொல்! அடி என்றால் அடித்தவன் ஒருவன் இருக்கவேண்டும்.

நாம் பத்திரிகையில் எழுதுகிற 'சிதறல்' அப்படி இல்லை. கண்ணாடி டம்ளர் கைதவறி விழுந்தாலும் சிதறல்தான். 'சிதறியது' என்றால் அது பாட்டுக்குச் சிதறியது. 'சிதறடித்தார்கள்' என்றால்தான், யார் என்ற கேள்வி வரும்.

இங்கிலீஷ்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுக்குள் ஒரு மனிதரின் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அர்த்தம் மாறிப்போனாலும், தோண்டிப் பார்த்தால் அதைச் செய்த கை அகப்படுகிறது.

நாளைக்குக் காலையில் பேப்பரில், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் 'குண்டுச் சிதறல் பட்டு' ஒரு குழந்தை இறந்ததாக ஒரு பெட்டிச் செய்தி வரலாம். காபியை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு, அந்த வரியை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள்.

சிதறல் தானாக வந்து பட்டிருக்காது. யாரோ அதைச் செய்தார்கள், யாரோ சுட்டார்கள்.